மருந்தா, பிரம்பா?

"இந்த மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் குடிக்கக் கூடாது. குடித்தால் இரண்டும் சேர்ந்து விஷமாகிவிடும்!"

நமது நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காத காது கிடையாது. டாக்டர் சொல்கிறார். ஊசி போடுகிற நர்ஸம்மா சொல்கிறார். மருந்துக் கடைப் பையன் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே சொல்கிறான். வீட்டுக்கு வந்தால் மனைவி சொல்கிறாள். ஆயுளில் ஒரு மாத்திரை விழுங்கியறியாத எதிர்வீட்டுத் தாத்தாகூடச் சொல்கிறார். எந்த மாத்திரை, எவ்வளவு குடி, ஏன் விஷமாகும், எப்படி ஆகும் என்று சொல்கிறவர் யாரும் சொல்வதில்லை. கேட்கிறவர் யாரும் கேட்பதுமில்லை. நூறு மருந்துக்கும் ஒரே மந்திரம்.

இந்த மந்திரத்தின் மீது எனக்குத் தீராத பகை. உடனே, 'குடிகாரர்களுக்கு வக்காலத்து வாங்க ஓர் எழுத்தாளர் கிளம்பிவிட்டார்' என்று யாரும் மூக்கின் மேல் விரலை வைக்க வேண்டாம். குடிக்கு வக்காலத்து வாங்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் சண்டை வேறு. இந்த வாக்கியம் பாதி பொய். மீதிப் பாதி, பொய்யோடு சகவாசம் பண்ணிக் கெட்டுப்போன உண்மை. இது ஒருவரைக் குடியிலிருந்து காப்பாற்றியதாக நான் கண்டதில்லை. மருந்திலிருந்து காப்பாற்றியதைத்தான் கண்டிருக்கிறேன்!

எப்படி என்று கேளுங்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர். காலில் காயம் பட்டுச் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் 5 நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து மந்திரத்தையும் ஓதி அனுப்புகிறார். நம்மவர் 20 வருஷமாக மாலையில் குடிக்கிறவர். உடம்பு வலிக்குத்தான் என்பார். பொய்யும் அல்ல, முழு மெய்யும் அல்ல. அன்று சாயங்காலம் கூலிப் பணம் கைக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்தால் விஷம் என்று படித்தவர் சொல்லியிருக்கிறார். படித்தவர் சொல்லை மீறக் கூடாது. இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுவது? 20 வருஷப் பழக்கத்தையா, நேற்று வந்த மாத்திரையையா?

மாத்திரையை விட்டுவிடுகிறார். அவர் முட்டாள் அல்ல. டாக்டரின் கட்டளையை அவர் மீறவும் இல்லை. 'சேராதே' என்றார் டாக்டர், இவர் சேர்க்கவில்லை. அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார். காலில் சீழ் மட்டும் ஏறிக்கொண்டு போகிறது.

இது என் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் எய்ட்ஸ் கிருமி தொற்றியவர்களிடையே ஆராய்ச்சி நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் சாப்பிடுவது ஆன்டிபயாடிக் அல்ல, வேறு இனத்து மருந்து. ஆனால் மனித மனம் ஒன்றுதானே? மருந்தும் மதுவும் சேர்ந்தால் விஷம் என்று நம்பியவர்களில் பலர், குடிக்கிற நாளில் மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே மருந்தை விட்டிருக்கிறார்கள். நம்பிக்கை பலமாக இருந்த இடத்தில் மருந்து அதிகமாகத் தவறியிருக்கிறது. பயம் பாட்டிலைத் தட்டிவிடவில்லை, மாத்திரையைத்தான் தட்டிவிட்டது.

சரி, உண்மைதான் என்ன?

தொண்டைப் புண், பல் வீக்கம், காதுவலி என்று போனால் நம் கைக்கு அடிக்கடி வருவது அமாக்ஸிஸிலின். பென்ஸிலின் வம்சத்து மருந்து. இந்த வம்சத்தோடு அளவான குடி மோதி விஷமானதாகச் சான்று கிடையாது. 2020-ஆம் வருஷம் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் பத்திரிகை ஒன்றில், இந்த விஷயம் பற்றி அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சலித்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியாயிற்று. வாயால் சாப்பிடுகிற பென்ஸிலின்கள், அஸித்ரோமைஸின், ஸிப்ரோஃப்ளாக்ஸஸின் இனம், சிறுநீர்த் தாரைக்குக் கொடுக்கிற நைட்ரோஃப்யூரன்டாயின் ஆகியவற்றுக்கும் மதுவுக்கும் பயப்படும்படியான பகை இல்லை என்பதே அதன் முடிவு. குடி காய்ச்சலைத் தணிக்கும் என்றோ, காயத்தை ஆற்றும் என்றோ இதற்கு அர்த்தமல்ல. நோயாளியின் தூக்கத்தையும் தெம்பையும் குடி கெடுக்கும். மாத்திரையால் வருகிற குமட்டலோடு தன் குமட்டலையும் சேர்த்துவிடும். ஆனால் கெடுதல் வேறு, விஷம் வேறு. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் மருந்து கொடுக்கும் இடத்தில் உட்காரக் கூடாது.

இந்தப் பயம் எங்கே பிறந்தது? யுத்த காலத்தில், பால்வினை நோய்க்குப் பென்ஸிலின் போட்ட இடங்களில் குடிக்கக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம், குடித்தவன் புத்தி தடுமாறிப் போய் நோயை மறுபடி பரப்பிவிடுவான் என்ற எண்ணம்தான் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதன் குணம் மெய்யானது. ஒழுக்கத்துக்காகச் சொன்னதை வைத்தியம் போலச் சொல்கிற குணம் அது. நம்மூர்ப் பாமரர் மட்டும் நம்புகிறார் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த 300-க்கு மேற்பட்டவர்களைக் கேட்டுப் பார்த்தபோது, குடித்தால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று ஐந்தில் நான்கு பேர் நம்பினார்கள்.

பயத்துக்கு இன்னொரு தகப்பனும் உண்டு. அவர் கொஞ்சம் கௌரவமானவர். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் ஹால்ட், யாகப்ஸென் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வயிற்றுப் புழுவுக்கு மருந்தாகுமா என்று டைஸல்ஃபிராம் என்ற பொருளைச் சோதித்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அந்த நாட்களில் கொஞ்சம் மது குடித்தபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டிக்கொண்டு வந்தது. 1948-இல் இது உலகத்துக்குத் தெரிந்தது.

காரணம் எளியது. நாம் குடிக்கிற சாராயத்தை ஈரல் முதலில் அஸிட்டால்டிஹைட் என்ற ஒரு நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அடுத்த படியில் அந்த நச்சைத் தீங்கற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. டைஸல்ஃபிராம் இரண்டாவது படியில் போய்க் குறுக்கே படுத்துக்கொள்கிறது. நச்சு தேங்குகிறது. உடம்பு தவிக்கிறது. குடியை விட வேண்டும் என்று தானாக வருகிறவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுக்கலானார்கள். மருந்தே பிரம்பாயிற்று! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நோயாளிக்கு முழுக்கத் தெரியாமல் இதைக் கொடுக்கவே கூடாது என்பது இந்த மருந்தின் முதல் விதி. பிரம்புக்குக்கூட உண்மைதான் கைப்பிடி. கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்கிற புண்ணியவான்கள் நம்மூரில் இருக்கிறார்கள். அது வைத்தியமல்ல, உயிரோடு விளையாட்டு.

டைஸல்ஃபிராமின் நிழல் பிறகு மெட்ரோனிடஸோல் மீது விழுந்தது. வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் நம் நாட்டில் தாராளமாகக் கொடுக்கப்படுகிற மாத்திரை இது. இதைச் சாப்பிட்ட குடிகாரர்களுக்குக் குடியில் நாட்டம் குறைந்தது என்று 1964-இல் ஒரு குறிப்பு வந்தது. அதன்பின் அங்கொருவர் இங்கொருவர் துன்பப்பட்டதாகச் சில குறிப்புகள். அவ்வளவுதான், மருந்தோடு வருகிற தாளில் தடை ஏறிவிட்டது. 2002-இல் ஃபின்லாந்தில் ஆரோக்கியமான 12 ஆண்களை வைத்து முறைப்படி சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 5 நாள் நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. பிறகு எல்லோருக்கும் அளந்து மது. நிஜ மாத்திரைக்காரர்கள் ரத்தத்தில் அந்த நச்சு கூடவும் இல்லை, அவர்கள் தவிக்கவும் இல்லை. 2021-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், பால்வினை நோய்ச் சிகிச்சை விதிகளில், மெட்ரோனிடஸோலுக்காக மதுவைத் தவிர்க்க வேண்டிய அவசியமில்லை என்றே எழுதிவிட்டது. மருந்துத் தாள்கள் மட்டும் பழைய எச்சரிக்கையை விடவில்லை. பன்னிரண்டு பேர் சோதனை சின்னச் சோதனைதான். தாளை மதித்துச் சில நாள் குடிக்காமல் இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 'சந்தேகத்தின் பேரில் தவிர்' என்பதும் 'குடித்தால் செத்துப்போவாய்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டவர் யோசிப்பார். இரண்டாவதைக் கேட்டவர் மாத்திரையைக் குப்பையில் போடுவார்.

இனி, பொய்யோடு கெட்டுப்போன உண்மைக்கு வருகிறேன். நெஞ்சு கொதிக்கிற இடம் இதுதான்.

மெய்யாகவே மதுவோடு மோதுகிற மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடுகிற ஸெஃபோபெரஸோன் அப்படிப்பட்டது. டைஸல்ஃபிராம் போலவே அது ஈரலின் இரண்டாம் படியில் குறுக்கே படுக்கும். ஊசி நின்று 3 நாள் வரைக்கும் ஆபத்து தொடரும். வீட்டுக்குத் திரும்பிய சந்தோஷத்தில் மறுநாளே பாட்டிலைத் திறக்கிறவருக்கு இதைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டாமா? லைனஸோலிட் இருக்கிறது, பீப்பாயிலிருந்து பிடிக்கிற பீர் போன்ற, டைரமின் மிகுந்த பானங்களோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். ஸைக்ளோஸெரின் இருக்கிறது; பெருங்குடியோடு சேர்ந்தால் வலிப்புக்கு வழி. டாக்ஸிஸைக்ளின் கதை வேறு தினுசு. நெடுநாள் குடித்துப் பழகிய ஈரல் இந்த மருந்தை வேகமாக அழித்துவிடுகிறது. விஷமாகாது; பலிக்காமல் போகலாம். உண்ணிக் காய்ச்சலுக்கு நம் பக்கத்தில் கொடுக்கிற முக்கியமான மருந்து அது. அந்த நோயாளி பெருங்குடியரா என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்போது சொல்லுங்கள்: அமாக்ஸிஸிலினுக்கும் அதே பயம், ஸெஃபோபெரஸோனுக்கும் அதே பயம் என்றால், ஒரு முறை அமாக்ஸிஸிலின் சாப்பிட்ட நாளில் குடித்துப் பார்த்து ஒன்றும் ஆகாமல் எழுந்து வந்தவர் என்ன முடிவுக்கு வருவார்? 'டாக்டர்கள் சும்மா மிரட்டுகிறார்கள்' என்றுதானே? புலி வருகிறது என்று பூனைக்கெல்லாம் கூவினால், புலி வரும் நாளில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற மாத்திரைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று ஆன்டிபயாடிக். ஒன்று காய்ச்சலுக்குப் பாராஸிட்டமால். ஒன்று வலிக்கு. ஒன்று சளிக்கு. தினமும் நிறையக் குடிக்கிறவரின் ஈரலுக்குப் பாராஸிட்டமால் அளவு மீறினால் ஆபத்து. வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். சளி மாத்திரைகளில் பலவும் மதுவும் சேர்ந்தால் தூக்கம் கண்ணைச் சொருகும். அந்த நிலையில் ஸ்கூட்டரை எடுக்கிறவர் வீடு சேர்வது நிச்சயமில்லை. குற்றவாளிகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். நாம் நிரபராதியைப் பிடித்து உதைத்துக்கொண்டிருக்கிறோம். ஆன்டிபயாடிக்கை விட்டுவிட்டு, வலி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு குடிக்கிறவர்களைத் தயார் பண்ணியிருக்கிறோம். எவ்வளவு சாமர்த்தியமான வைத்தியம்!

ஐந்து நாள் மாத்திரைக்கே இந்தக் கதி என்றால், 6 மாத மாத்திரைக்கு?

காசநோயைத்தான் சொல்கிறேன். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். பெருங்குடி, காசநோய் வருகிற அபாயத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. ஆகவே காசநோய் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் குடிக்கிறவர்கள் நிறைய இருப்பது ஆச்சரியமல்ல. அவர்களுக்குக் கொடுக்கிற ஐஸோனியஸிட், ரிஃபாம்பிஸின், பைரஸினமைட் மூன்றும் ஈரலைச் சோதிக்கிற மருந்துகள். குடியும் ஈரலைத்தான் சோதிக்கிறது. இந்த இடத்தில் 'குடிக்காதே' என்பது ஒழுக்க உபதேசமல்ல. கலப்பற்ற வைத்திய உண்மை. இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆனால் அதோடு நிறுத்தினால் போதுமா? 20 வருஷம் குடித்தவர் 180 நாளும் ஒரு துளி தொடாமல் இருந்துவிடுவார் என்று நம்புகிற டாக்டர், மனிதர்களைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும். அவர் தவறுவார். தீபாவளிக்குத் தவறுவார்; சாவு வீட்டில் தவறுவார்; ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் தவறுவார். தவறிய மறுநாள் காலையில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதல்லவா கேள்வி? 'விஷம்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அன்று மாத்திரை போடமாட்டார். நாலு நாள் தவறினால், மாத்திரை கொடுக்கிற இடத்துக்குப் போகக் கூசுவார். நாலு வாரம் ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். கிருமி மட்டும் அவரோடு கூடவே போகும். அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமியாகித் திரும்பி வரும். வீட்டுக்குள் இருமும், பஸ்ஸில் இருமும், குழந்தையின் முகத்துக்கு நேரே இருமும்.

அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. "ஐயா, இந்த 6 மாதம் குடிக்காமல் இருப்பதுதான் உங்கள் ஈரலுக்கு நல்லது. விட முடியவில்லை என்றால் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டாலும் மறுநாள் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்து ஒளிக்காமல் சொல்லுங்கள். பசி செத்துப்போனாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே ஓடி வாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மருந்தின் சாயம். அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணைப் பாருங்கள்." இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். 'விஷம்' என்று சொல்ல இரண்டு வினாடி. நாம் மிச்சம் பிடித்தது இந்த 118 வினாடியைத்தான்!

இந்த இரண்டு நிமிஷத்தின் அருமையை உலகத்துக்குக் காட்டிய ஊர் எது தெரியுமா? நமது சென்னைதான். 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. க்ஷயரோகிகளை ஸானடோரியத்தில் வைத்தால்தான் பிழைப்பார்கள் என்று உலகம் நம்பிய காலம். சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை ஸானடோரியத்திலும், பாதிப் பேரை அவர்களுடைய சொந்தக் குடிசைகளிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே நன்றாகக் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே வீதிக்கும் வீட்டுக்கும் கொண்டு வந்தது. அதன் அஸ்திவாரம் என்ன? ஏழை நோயாளியிடம் மருந்தை நம்பிக் கொடுக்கலாம், விவரம் சொல்லி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவர் சாப்பிடுவார் என்கிற மரியாதை. அந்த மரியாதை பிறந்த ஊரிலேயே, நோயாளியை 'விஷம்' என்று பூச்சாண்டி காட்டி அனுப்புகிறோம்.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'உண்மையைச் சொன்னால் இன்னும் குடிப்பான். பொய்தான், ஆனால் நல்ல பொய்' என்பார்கள். வள்ளுவரையும் துணைக்கு இழுப்பார்கள். நன்மை தரும் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்ற பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள், அந்த நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது என்று அவர் போட்ட நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். மாத்திரையைக் குப்பையில் போட வைக்கிற பொய் எந்தக் கணக்கில் குற்றமற்ற நன்மை?

டாக்டர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அதே பொய்யை அந்த மனிதரின் மனைவி சொல்லும்போது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்பது 5 நாள் நிம்மதி. 5 ராத்திரி அடி வாங்காத தூக்கம். கூலிப் பணம் முழுசாக வீட்டுக்கு வருகிற ஒரு சனிக்கிழமை. அதற்காக அவள் டாக்டரின் வாயையும் மாத்திரையின் பெயரையும் கடன் வாங்குகிறாள். கையில் வேறு ஆயுதம் இல்லாதவள் கிடைத்த குச்சியை எடுக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் அவள் கையில் அந்த ஒடிந்த குச்சியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட நம்மைக் குற்றம் சொல்லாமல் இருக்க முடியாது. குடியிலிருந்து மீளச் சிகிச்சை, அடிக்கிறவனிடமிருந்து காப்பு, கையில் சொந்தமாகக் காசு என்று அவளுக்குக் கொடுக்க வேண்டியவற்றைக் கொடுக்காமல், 5 நாள் மாத்திரையைக் கொடுத்து 'இதைச் சொல்லி மிரட்டிக்கொள்' என்றல்லவா அனுப்புகிறோம்? 6-ஆம் நாள் அவள் என்ன செய்வாள்?

டாக்டர் கேள்வி கேட்கிற அழகையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். உள்ளே பக்கத்தில் மனைவி, பின்னால் மாமியார். டாக்டர் நிமிராமல் கேட்கிறார்: "குடிப்பியா?" இது கேள்வியா? போலீஸ் ஸ்டேஷனில் அல்லவா இப்படிக் கேட்பார்கள்? "இல்லீங்க" என்கிறார் நோயாளி. மனைவி தலையைக் குனிந்துகொள்கிறாள். டாக்டர் எழுதிவிடுகிறார். அந்த ஒரு பொய்யின் மேல் அத்தனை மருந்தும் ஏறி உட்காருகிறது. பொய் சொன்னவர் நோயாளி. ஆனால் பொய்யை வரவழைத்தது அந்த 'பியா'. "எவ்வளவு நாளாகப் பழக்கம்? ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? கடைசியாக எப்போது?" என்று, சர்க்கரை உண்டா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும். பெண் நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தோட்டத்திலும் சூளையிலும் வயலிலும் உழைத்துவிட்டுக் குடிக்கிற பெண்கள் நம் நாட்டில் இல்லை என்று யார் முடிவு செய்தது?

மருந்துக் கடையோ இன்னும் விசேஷம். சில ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் கணக்கு எழுத வேண்டும் என்று 2014 முதல் தனிப் பட்டியலே இருக்கிறது. பட்டியல் பட்டியலாக இருக்கிறது. "ரெண்டு மாத்திரை குடுப்பா" என்றால் அட்டையில் ரெண்டை வெட்டிக் கொடுக்கிறார்கள். எச்சரிக்கைத் தாள் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. அது கைக்கு வந்தாலும் எறும்பு எழுத்தில் இங்கிலீஷ். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அவர் உடம்புக்குள் போகிற பொருளைப் பற்றி அவர் பாஷையில் ஒரு வரி கிடையாது. 'விஷம்' என்ற ஒரு சொல்தான் அவருக்குத் தமிழில் கிடைக்கிற மருத்துவ இலக்கியம்!

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரித்து, 1971-இல் கதவைத் திறந்து, 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிற ராஜ்யம் நம்முடையது. அந்தக் கடைகளிலிருந்து வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்கு வருகிறது. காசநோயாளி நல்ல சாப்பாடு சாப்பிட மத்திய அரசு தருகிற உதவி 2018-இல் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். ஒரு கை பாட்டிலை நீட்டுகிறது. ஒரு கை மாத்திரையை நீட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் விஷம் என்று வாய் உபதேசம் செய்கிறது. இந்த உடம்பில் எந்த உறுப்பை நம்புவது என்று தெரியாமல்தான் அந்த மூட்டைத் தொழிலாளி விழிக்கிறார்.

மதுக்கடை ஒவ்வொன்றின் சுவரிலும் குடி உடல்நலத்துக்குக் கேடு என்று எழுதினால் கடமை முடிந்ததா? ஒவ்வொரு காசநோய் மையத்திலும் குடியிலிருந்து மீள்வதற்கான ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அல்லவா அந்த எழுத்துக்கு அர்த்தம்? பாட்டிலில் வருகிற பணத்தில் ஒரு துளியை அந்த நாற்காலிக்குச் செலவழித்தால் கஜானா காய்ந்துபோய்விடாது.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு உள்ளுக்குள் குதூகலிக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'அமாக்ஸிஸிலினோடு குடிக்கலாம் என்று எழுத்தாளரே எழுதிவிட்டார்' என்று பாட்டிலைத் தேடாதீர்கள். நான் சொன்னது விஷமில்லை என்பதுதான். விருந்து என்று சொல்லவில்லை. உங்கள் மருந்து எது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பெயரைக் கேளுங்கள். இதற்கும் மதுவுக்கும் பகை உண்டா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் முறைத்தால் இன்னொரு முறை கேளுங்கள். காய்ச்சலோடு ஐந்து நாள்கூடக் குடிக்காமல் இருக்க முடியவில்லை என்றால், உங்களுக்கு இரண்டு நோய் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுக்குத்தான் மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள்.

மருந்து கொடுக்கிறவர்களுக்கோ நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. உங்கள் மேஜையில் ஒழுக்கத்துக்கு ஒரு பிரம்பு வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பிரம்பாக்காதீர்கள். இது மோதும், இது மோதாது, இது ஈரலைக் கெடுக்கும், இது பலிக்காமல் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்கிறவர் குடிகாரராக இருக்கலாம்; படிக்காதவராக இருக்கலாம். உண்மையைக் கேட்க அதற்கு மேல் எந்த யோக்கியதையும் தேவையில்லை. அவர் விழுங்கப் போவது அவருடைய தொண்டையால்.